வலது பக்கப் பதக்கம்

ஜனவரி 18, 1982. திங்கள்

நல்ல பனி. துணி காயவில்லை. தபாலில் ஆவடி முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக் கடிதம். 24ஆம் தேதி, பள்ளி மைதானம், வீரப் பதக்கம் வாங்கியவர்களுக்கு மரியாதை. உறையின் மேல்: 'போரில் இறந்த ஏகாம்பரத்தின் மனைவி'. ஐந்து வருடமாக நான் தாஸ் மனைவி. இந்த முகவரியை யார் கொடுத்தார்களோ. கடைசியில் ஒரு குறிப்பு: பதக்கம் வாங்கியவர் இடது மார்பில் அணியவும், இறந்தவரின் குடும்பத்தார் வலது மார்பில்.

தாஸ் படித்தார். ரேடியோவுக்கு அடியில் வைத்தார். "போய்ட்டு வா. என்னைக் கூப்டாத. நான் இன்னான்னு வந்து குந்துறது?" பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். டிபன் பாக்ஸ் இங்கேயே.

19, செவ்வாய்

மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு பதக்கத்தை எடுத்தேன். வலது மார்பாம். முந்தானை இடது தோளில். வலது பக்கம் வெறும் ஜாக்கெட். புடவையே கட்டிப் பார்க்காத மகராசன் எழுதிய விதி. குத்திப் பார்த்தேன். பக்கத்தில் தாஸ் கட்டிய தாலி. கண்ணாடியில் பார்க்கவே கூச்சம். கழற்றிவிட்டேன்.

எனக்கு இன்னும் உரிமை உண்டா? யாரைக் கேட்பது?

20, புதன்

சீமெண்ணெய், ரவை, சோப்பு.

முடிவு: பதக்கம் அத்தைக்கு. ஏகாம்பரத்தைப் பெற்றவர். மேடையும் அவருக்கே. எனக்கு மறுகல்யாணம் என்றதும், "போறவ போ, என் புள்ள பதக்கத்த வெச்சிட்டுப் போ" என்று வாசலை மறித்து நின்றார். முடியாது என்று எடுத்து வந்தேன். அதோடு பேச்சு நின்றது. கதவைத் திறப்பாரா? பயமாக இருக்கிறது.

22, வெள்ளி

அம்பத்தூரிலிருந்து திருநின்றவூர், பத்து மணி வண்டி. உட்கார இடம் கிடைத்தது. கையில் பிஸ்கட், வாழைப்பழம், பதக்கம். அத்தை மெலிந்துவிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"அன்னிக்குக் கேட்டேன், தரல. இப்ப இன்னாத்துக்கு எட்த்துகினு வந்தே?"

விழாவைச் சொன்னேன். பதக்கத்தை முந்தானையால் துடைத்தார். ரொம்ப நேரம்.

"அவன் குடிப்பானா?" தாஸைக் கேட்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. இல்லை என்றேன்.

"தனியா மேடை ஏற மாட்டேன். நீயும் வா." காபி கொடுத்தார். சர்க்கரை அதிகம்.

24, ஞாயிறு

வெயில். பந்தல் போதவில்லை. அத்தையின் முந்தானையை இழுத்து வலது தோளைப் போர்த்தி, அதன்மேல் குத்தினேன். சரியாக நின்றது.

மைக்கில் வாசித்தார்கள். காயம்பட்ட இரண்டு பேரை ஏகாம்பரம் தூக்கி வந்தார். மூன்றாவது ஆளுக்காகப் போனவர் திரும்பவில்லை. வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்கமாட்டார் மனுஷன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மேடைப்படி அருகே பெயர் சரிபார்த்தவர் பட்டியலைப் பார்த்தார், என் தாலியைப் பார்த்தார். "மனைவின்னு போட்டுகீது. இந்தம்மா வேற கல்யாணம் கட்டிகினாங்களா?"

முன்வரிசை மொத்தமும் திரும்பியது. போய்விடலாம் என்று ஓர் அடி பின்னால் வைத்தேன்.

அத்தை என் கையைப் பிடித்தார். "ஆமா. நான்தான் மாப்ள பாத்தேன், நான்தான் கட்டி வெச்சேன். இன்னான்ற இப்போ?"

பச்சைப் பொய். அந்தக் கல்யாணத்துக்கு அவர் வரவே இல்லை. பிடித்த கையை விடாமல் என்னையும் மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.