சேத்துப் பனியன்

ஸ்டான்லி,

ரசம் அடுப்பு மேல இருக்கு, சுடவச்சுக்க. வெளிய போனா சாவியப் பக்கத்து வீட்டுல குடு.

பானுப்ரியாவக் காலேஜ் கபடி டீம்லருந்து தூக்கிட்டாங்களாம். இப்பத்தான் அவ அம்மா போன்ல அழுதாங்க. நீங்க கட்டிப்பிடிச்சு நின்ன போட்டோ உன் செல்லுலருந்துதான ஊரெல்லாம் போச்சு? படத்துல ரெண்டு பேரு இருக்கீங்க. அவளுக்கு டீம் இல்ல, நீ மட்டும் பசங்க டீமுக்கு இன்னும் கேப்டனா?

நேத்து அந்தப் போட்டோவப் பத்திக் கேட்டவங்ககிட்ட நானே சொன்னேன், "ஆம்பள சேத்தக் கண்டா மிதிப்பான், தண்ணியக் கண்டா கழுவுவான்"னு. சொன்ன வாயி இப்ப எரியுது.

அந்தப் புள்ளயப் பாக்கக் கன்னிவாடி போறேன்.

அம்மா

பி.கு. நாளைக்கு மேட்சுக்குப் போட வேண்டிய உன் பனியன் சேத்தோட அப்படியே கெடக்கு. கொழாயில தண்ணி வருது. நீயே கழுவிக்க.