கடல் மட்டத்தில இருந்து அளந்த மலை

ஜனவரி 16, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு வயல் ரோட்டுல நிண்டு மலையைப் படம் எடுத்தன். மழை விட்டதால உச்சி வரைக்கும் தெளிவு. தேத்தண்ணிக் கடையில போனைக் காட்டினதும் மலை எவ்வளவு உயரம் எண்டு வாக்குவாதம். உயரத்தை அடிவாரத்தில இருந்துதான் அளக்கணும் எண்டாங்க கடையில இருந்தவங்க. கடல் மட்டத்தில இருந்துதான் எண்டு நான் விடல்ல.

சின்ன வயசுக் கூட்டாளி நஸார் சிரிச்சான். "சுனாமிக்குப் பொறகு இவன் கடல்ல கால் வெச்சதே இல்ல. தண்ணி வந்தா ஓடுறதுக்குத்தான் மலையை அளக்கான்."

கடையே சிரிச்சிச்சு. நான் அவனிட்ட மட்டும் சொன்ன விசயம் அது.

சுனாமி வந்த அண்டு பள்ளிவாசல் மேல்மாடியில இந்த மலையைப் பாத்துக்கிட்டு, என்ட இடுப்புச் சாரனைப் பிடிச்சி நடுங்கி அழுதது அவன். இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லல்ல. இண்டைக்கு வாய் வரைக்கும் வந்திச்சு. தேத்தண்ணியோட முழுங்கிட்டன்.