மொட்டைமாடிக் குழாயின் சிமென்ட் மூடியை உடைக்க அனுமதி வேண்டி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வக உதவியாளர்,
எண் 17, கீழ்த்தளம்,
தண்ணீர்த்தொட்டித் தெரு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: வீட்டினுள் கழிவுநீர் நாற்றம் – ஐந்து மாதங்கள் – காரணம் கண்டறியப்பட்டது – அதை நீக்க அனுமதி கோருதல் தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய மனுக்கள் நான்கு (நான்கும் தங்கள் பதிவேட்டில் ‘தீர்வு காணப்பட்டது’).

மதிப்பிற்குரிய ஐயா,

1. முந்தைய மனுக்களில் சற்றுக் கோபம் கலந்திருந்தது. இதில் இல்லை. தீர்ந்துவிட்டது.

2. முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளி ஆய்வகத்தில் குடுவை கழுவியவன் நான். அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு என்று எழுதினால் ஒரு மதிப்பெண். அந்த ஒரு மதிப்பெண் இப்போது என் குளியலறையில் குடியிருக்கிறது. ஆயினும் முதல் மாதத்தை, எல்லாக் குடும்பங்களையும் போல, ஒருவரையொருவர் சந்தேகித்தே கழித்தோம். மனைவி என் செருப்புகளை வாசலுக்கு அனுப்பினார். நான் அவருடைய ஃப்ரிட்ஜைக் காலி செய்தேன். செத்த எலியைத் தேடி பீரோவை நகர்த்தியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. எலி கிடைக்கவில்லை.

3. தங்கள் கழிவுநீர்ப் பிரிவு ஆய்வாளர் நான்கு முறை வந்தார். நான்கு முறையும் காலை பதினொரு மணி. நாற்றம் வருவது ஆறிலிருந்து எட்டு வரை, மாடியில் இருக்கும் தையற்காரர் வீட்டில் ஏழு பேரும் குளித்துக் கிளம்பும் நேரம். ஆறு மணிக்கு வரும்படி வேண்டினேன். “ஆபீஸ் பத்து மணிக்குத்தான் சார் திறக்கும். நாத்தத்தைக் கொஞ்சம் லேட்டா வரச் சொல்லுங்க” என்றார். நல்ல மனிதர். ‘நாற்றம் நேரில் காணப்படவில்லை’ என்று எழுதிச் சென்றார்.

4. கடந்த வாரம் ஒரு பிளம்பர் காலை ஆறரைக்கே வந்தார். குளியலறை வடிகாலின் வளைவில் எப்போதும் சிறிது தண்ணீர் நிற்க வேண்டும்; சாக்கடைக் காற்றை மறிக்கும் கதவு அதுதான். அது வறண்டிருந்தது; எட்டு மணிக்கு நாங்கள் குளித்த பிறகே மீண்டும் நிரம்பும். ஒரு குவளை ஊற்றினார். நாற்றம் நின்றது. மனைவி அவருக்குக் காபி போடப் போனார். அதற்குள் மாடியில் யாரோ கழிப்பறைத் தண்ணீரைத் திறந்துவிட, எங்கள் வடிகால் களக்களக்கென்று அந்தக் குவளைத் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டது. “குழாய்க்கு மேல காத்து வழி இல்லைம்மா. அதான் உங்க தண்ணிய இழுக்குது” என்று காபிக்குக் காத்திராமல் மொட்டைமாடிக்கு ஏறினார்.

5. அங்கே, கழிவுநீர்க் குழாயின் காற்று போக வேண்டிய மேல்வாய் முழுவதும் சிமென்டால் அடைக்கப்பட்டு, ‘கொசு ஒழிப்புப் பிரிவு – சரிபார்க்கப்பட்டது’ என்று சிவப்பு வண்ணத்தில் எழுதப்பட்டிருந்தது. ஐந்து மாதங்களுக்கு முன் தங்கள் பணியாளர்கள், திறந்த குழாய்களில் கொசு முட்டையிடும் என்று கூறி அடைத்தது. மறைக்க விரும்பவில்லை: சிமென்ட் குழைக்கத் தண்ணீர் கொடுத்தவன் நானே. நன்றியும் சொன்னேன்.

6. உடைத்துவிடச் சொன்னேன். பிளம்பர் பையை மூடினார். “கவர்மென்ட் எழுத்து சார். குழாய் உடைஞ்சா வேற போடலாம், கேஸ் விழுந்தா என்ன பண்றது?” அனுமதியின்றி உடைப்பது தண்டனைக்குரியது என்று கொசுப் பிரிவின் நோட்டீஸும் சொல்கிறது. அப்பிரிவுக்குச் சென்றேன். குழாய் என்பதால் கழிவுநீர்ப் பிரிவு என்றார்கள். அங்கே சென்றேன். மூடி என்பதால் கொசுப் பிரிவு என்றார்கள். சென்றேன் என்பது சற்று மிகை. இரு பிரிவுகளும் ஒரே மின்விசிறியின் கீழ் எதிரெதிர் மேசைகளில் உள்ளன. நாற்காலியைத் திருப்பிப் போட்டால் போதுமானதாக இருந்தது.

7. இதுவரை பொறுத்தோம், இனி இயலாத காரணம் ஒன்று உண்டு. எங்களோடு வசிக்கும் மகளுக்குக் குறைமாதத்தில் ஆண் குழந்தை பிறந்துள்ளது. நுரையீரல் இன்னும் தேறவில்லை. திங்களன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நாற்றத்தைப் பற்றிச் சொன்னதும் மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “இதைச் சரி பண்ணாம புள்ளைய அங்க கொண்டுபோகாதீங்க” என்றார். எங்களுக்கு வேறு வீடு இல்லை. தினமும் தொலைபேசியில் மகள் கேட்கிறாள்: “போயிடுச்சாப்பா?” மனு கொடுத்திருக்கிறேன் என்கிறேன்.

8. ஆகவே சிமென்டை உடைத்து, அதன் இடத்தில் கம்பி வலை கட்ட அனுமதிக்க வேண்டுகிறேன். வலையில் காற்று போகும், கொசு போகாது. இரு பிரிவுகளும் வெற்றி பெற்றதாக அறிக்கை எழுதிக்கொள்ளலாம்.

9. என் மனைவி நேற்றே சுத்தியல் வாங்கிவிட்டார். எனக்கு மனு எழுதத் தெரிந்ததால்தான் ஐந்து மாதம் வீணானது என்பது அவர் கருத்து. மறுக்கும் நிலையில் நான் இல்லை. ஞாயிறு காலைக்குள் தங்கள் ஆணை வராமல், அதன் பின் மேற்படி மூடி உடைந்திருக்கக் கண்டால், தயவுசெய்து யாரையும் விசாரணைக்கு அனுப்பிச் சிரமப்பட வேண்டாம். மனைவிக்கு மூட்டுவலி, படியேற இயலாது. மகள் மருத்துவமனையில். பேரனுக்கு வயது பத்தொன்பது நாள். எனவே குற்றம் சாட்டத் தகுதியுள்ள நபர் இவ்வீட்டில் நான் ஒருவனே என்பதைப் பதிவு செய்துகொள்ளப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: மேற்படி வீட்டு வாசல்
நாள்: 8ஆம் தேதி, வெள்ளி

ஞாயிறு காலை வரை தங்கள் ஆணைக்குக் கட்டுப்பட்டிருக்கும்,
(கையொப்பம்)
கீழ்த்தளக் குடியிருப்பாளர்

இணைப்பு: மூடியின் புகைப்படம், மருத்துவரின் சீட்டு.