நாச்சியின் தண்ணீர் முறை

சின்னேரிப்பாளையம்,
பொள்ளாச்சி வழி,
28-2-1959

மதிப்பிற்குரிய அங்கப்பன் அவர்களுக்கும் அன்புள்ள மயிலாத்தாள் அக்காவுக்கும், பத்மாவதி டீச்சர் வணக்கத்துடன் எழுதுவது.

நாச்சி நன்றாக இருக்கிறாள். இதை முதலில் எழுதாவிட்டால் மீதிக் கடிதத்தை அக்கா காதில் வாங்கமாட்டீர்கள் என்று தெரியும். பெரியப்பா வீட்டில் வேளைக்குச் சாப்பிடுகிறாள், தலை பின்னிக்கொண்டு வருகிறாள். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. "அம்மா ஆஸ்பத்திரியில இருந்து வாரதுக்குள்ள மொளைச்சுருமுங்களா டீச்சர்?" என்று தினமும் கேட்கிறாள். முளைத்துவிடும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பல்லோ நீங்களோ, யாராவது ஒருவர் சீக்கிரம் வந்து என் மானத்தைக் காப்பாற்றுங்கள்.

முதுகில் மாவுக்கட்டோடு மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு, வகுப்பில் நடப்பதை ஒன்று விடாமல் எழுதச் சொல்லுங்கள் என்று அக்கா சொல்லி அனுப்பினீர்கள். சரி, கேளுங்கள். பாலகோபால் மூக்கில் புளியங்கொட்டையைத் திணித்துக்கொண்டான். நான் பதறிப் போனேன். ஹெட்மாஸ்டர் சென்னகிருஷ்ணன் பதறவில்லை. தம் பொடி டப்பாவைத் திறந்து அவன் மூக்கருகே காட்டினார். கொட்டை கரும்பலகை வரை பறந்தது. அதற்கப்புறம் வகுப்பு முழுக்கத் தும்மல்தான், பாடம் நடக்கவில்லை.

இன்னொரு செய்தி. நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது குடிதண்ணீர்ப் பானையைத் தொடச் சில பிள்ளைகளுக்குத்தான் அனுமதி. ஊருக்கு வெளியே தெற்கு வளவில் குடியிருக்கிறவர்களின் பிள்ளைகள் பத்தடி தள்ளி நின்று கையை ஏந்தவேண்டும், யாராவது மனம் வைத்து ஊற்றவேண்டும். கணபதி கிராமத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாத வழக்கமில்லை. பிடிக்காத வழக்கம், அவ்வளவுதான். இப்போது பஞ்சாயத்து அடிபம்பு போட்டிருக்கிறது. அதனால் வகுப்பில் முறை வைத்துவிட்டேன். பதிவேட்டில் பெயர் இருக்கிற வரிசைப்படி, ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை பானையை நிரப்பவேண்டும். கைப்பிடியில் இரண்டு பேர் தொங்கினால்தான் தண்ணீர் வருகிறது. அந்தக் கூத்தை நீங்கள் பார்க்கவேண்டும்!

அடுத்த வாரம் மருதாயியின் முறை. தெற்கு வளவுப் பெண், நாச்சிக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். இரண்டு பேருக்கும் ஒரே பலப்பம்தான், உடைத்து உடைத்துப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். "எதுக்குங்க டீச்சர் வம்பு, அந்தப் பேரை மட்டும் தாண்டிப் போயிருங்க" என்கிறார் ஹெட்மாஸ்டர். தாண்டுகிற உத்தேசம் எனக்கு இல்லை.

அக்கா அசையாமல் படுத்திருந்து, நிமிர்ந்து நடந்து வரவேண்டும் என்று வேண்டும்,
பத்மாவதி

•

சின்னேரிப்பாளையம்,
11-3-1959

அங்கப்பன் அவர்களுக்கும் அக்காவுக்கும் வணக்கம்.

நாச்சிக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. உங்கள் அண்ணார் அப்புசாமி அவர்கள் அனுப்பவில்லை. அவர் உங்களுக்கு எழுதியிருந்தால் அவர் சொன்னதைப் படித்திருப்பீர்கள். நடந்ததை நான் சொல்கிறேன்.

வியாழக்கிழமை மருதாயி பானையை நிரப்பினாள். கழுவித் தேய்த்து, விளிம்பு வரை நிரப்பி, தட்டை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான்தான் முதலில் குடித்தேன். பிள்ளைகள் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. மாசி வெயில், ஓடு கொதிக்கிறது, நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கக்கூடாது என்று எல்லா வீட்டிலும் முந்தின நாளே சொல்லி வைத்திருக்கிறார்கள். மருதாயி தலையைக் குனிந்துகொண்டு சிலேட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அழிக்க அதில் ஒன்றும் இல்லை.

டிரில் முடிந்து வந்ததும் உங்கள் மகள் எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை. டம்ளரை எடுத்தாள், முக்கினாள், அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். பல் போன சந்து வழியாகப் பாதித் தண்ணீர் பாவாடையில். "நல்லாத்தான்டி இருக்குது" என்றாள். அவ்வளவுதான், வகுப்பு மொத்தமும் பானைமேல் விழுந்தது! மத்தியானத்துக்குள் மருதாயி இன்னொரு தடவை நிரப்பவேண்டியதாயிற்று. அன்றைக்கு அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

மறுநாள் உங்கள் அண்ணார் வந்தார். "புள்ளையைப் படிக்கத்தானுங்க அனுப்பறோம். எந்தம்பி மகளுக்கு அந்தத் தண்ணியைக் குடுக்கச் சொன்னது யாருங்க?" என்றார். கோபத்திலும் அவருக்கு மரியாதை குறையவில்லை, எனக்கும் குறையவில்லை. யாரும் கொடுக்கவில்லைங்க, அவளே எடுத்துக் குடித்தாள் என்றேன். மருதாயியின் முறையை நிறுத்தினால் நாச்சி வருவாள், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்னை மாற்றச் சொல்லி மேலே மனுவும் போயிருக்கிறதாம். போகட்டும். எந்த மலைக்கு மாற்றினாலும் அங்கேயும் ஒரு வகுப்பு இருக்கும், ஒரு பானை இருக்கும், பதிவேட்டில் வரிசை இருக்கும். நான் ஒரு பெயரையும் தாண்டமாட்டேன்.

அங்கப்பன் அவர்களே, உங்களிடம் நேராகவே கேட்கிறேன். உங்களுக்கும் அண்ணாருக்கும் தோட்டத்தில் கூட்டுக் கிணறு. ஒரு நாள் அவர் முறை, ஒரு நாள் உங்கள் முறை. ஒரு கோடையில் உங்கள் முறை நாளில் அவர் மாடுகளைக் கவலையில் பூட்டித் தண்ணீர் இறைக்க வந்தபோது, மண்வெட்டியோடு வாய்க்கால் நடுவில் நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்களாமே! சொந்த அண்ணனுக்கே ஒரு முறைத் தண்ணீரை விட்டுக் கொடுக்காதவர் என்று இந்த ஊரே இன்னும் பெருமையாகச் சொல்கிறது. அப்படியானால் மருதாயியின் முறையை மட்டும் நான் ஏன் விட்டுக் கொடுக்கவேண்டும்? அவளும் வரிசையில் வந்தவள்தானே?

வருகிற திங்கட்கிழமை நாச்சியின் முறை. அதை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கமாட்டேன். வீட்டில் அவள் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு மாட்டுக் கொட்டாய் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள் என்று பாலகோபால் வந்து சொன்னான். அண்ணாருக்கு நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். எழுதாவிட்டால் அன்று காலை பானையைத் தூக்கிக்கொண்டு நானே உங்கள் அண்ணார் வீட்டு வாசலுக்கு வருவேன். வம்பு என்றால் வம்புதான்.

அக்கா, இதைக் கேட்டு மனம் கலங்கவேண்டாம். உங்கள் மகள் தப்பு ஒன்றும் செய்யவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடித்தாள்.

உங்கள்,
பத்மாவதி

•

மெட்ராஸ்,
14-3-1959

டீச்சரம்மாவுக்கு மயிலாத்தாள் சொல்ல, பக்கத்துக் கட்டில் பங்காரம்மா எழுதுவது. சொல்கிறபடியே எழுதச் சொல்கிறார்கள், அப்படியே எழுதுகிறேன்.

டீச்சர், உங்க கடுதாசியை எங்க ஊட்டுக்காரர் பாதி படிச்சாருங்க. அப்புறம் மடிச்சுக் கட்டிலடியில இருக்கற துணிப்பையில வெச்சுட்டு, டீ குடிச்சுட்டு வாரேன்னு போயிட்டாரு. எனக்குத் தெரியாதுங்களா? பையில கைய விட்டு எடுத்துத் தரச் சொல்லி, மீதியை இந்தப் பங்காரம்மாவை வெச்சுப் படிச்சுப்போட்டேன்.

அவரு மோசமான மனுசன் இல்லீங்க. தோட்டம், மாடு கன்னு, புள்ளை எல்லாம் அண்ணன் கையில இருக்குதேன்னு ரோசனை. அண்ணனை எதுத்துப் பேச அவருக்கு இப்ப நாக்கு வராது. எனக்கு வரும். முதுகுதானுங்க ஒடஞ்சிருக்குது, நாக்கு நல்லாத்தான் இருக்குது.

அவரு டீ குடிச்சுட்டு வந்ததும் கேட்டேனுங்க. மல்லாக்கக் கெடக்கிற எனக்கு ராவும் பகலும் தலையைத் தாங்கித் தண்ணி ஊத்தறாளே அந்த ஆஸ்பத்திரி ஆயா, அவ எந்த வளவுன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? நான் கேக்கலை, நீங்களும் கேக்கலை. என் தாகத்துக்குப் பாக்காத வளவை எம்பட புள்ளை தாகத்துக்கு மட்டும் எதுக்குப் பாக்கோணும்?

இந்தக் கடுதாசியை உங்க கையில குடுக்கறது அவருதானுங்க. இன்னைக்கு ரயிலுக்கே போகச் சொல்லிப்போட்டேன். நீ தனியா எப்படி இருப்பேன்னாரு. எனக்குத் தண்ணி குடுக்க ஆள் இருக்குது, புள்ளைக்குத்தான் ஆள் இல்லை, போங்கன்னேன். திங்கக்கிழமை அவரே நாச்சி கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவாரு. வாய்க்கால்ல உக்காந்த மனுசன், பள்ளிக்கூடத்து வாசல்லயும் உக்காருவாரு.

நாச்சி நிரப்பற பானையில மொத டம்ளர் அந்த மருதாயிக் கண்ணுக்குக் குடுங்க. ரண்டாவது, அதே டம்ளர்ல, எங்க ஊட்டுக்காரருக்கு. அவரு குடிச்சாரான்னு நின்னு பார்த்துப்போட்டு, ஒளிக்காம எனக்கு எழுதுங்க.

பல்லு முளைக்கறதுக்குள்ள வந்துருவேன்னு எம்பட புள்ளைகிட்டச் சொல்லுங்க. நீங்க எந்த மலைக்குப் போனாலும் நல்லா இருக்கோணும், டீச்சரம்மா. போகாம இங்கயே இருக்கோணும்.

கைநாட்டு,
மயிலாத்தாள்