குசினிப் பக்கத்துத் தாழ்ப்பாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா? அப்பா நேரத்துக்கு மருந்து எடுக்கிறாரா?

போன கிழமை வேலைக்காக இங்கே ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் ஒரு பழைய பண்ணை வீட்டை அளந்து வரைபடம் கீறப் போனோம். இங்கிலாந்தில் இருந்து வந்த குடும்பம் கட்டிய செங்கல் வீடு. முன்பக்கம் அகலமான படிக்கட்டும் கடைந்த கைப்பிடியும் இருக்கின்றன. அந்தக் காலத்து வேலைக்காரப் பெண்ணின் அறை, சமையல் நடக்கும் குசினிக்கு மேலே. அங்கிருந்து மற்ற அறைகளுக்கு வாசல் இல்லை. ஒடுங்கிய படியால் இறங்கிக் குசினிக்குத்தான் வரலாம். படியின் அடியிலுள்ள கதவின் தாழ்ப்பாளும் குசினிப் பக்கம்தான்.

நான் மேலே அளந்துகொண்டிருக்க, யாரோ தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார்கள். கூப்பிட வெட்கப்பட்டுப் படியிலேயே இருந்துவிட்டேன். கடைசியில் என்னுடன் வேலை செய்யும் ராகுலன் அண்ணைதான் திறந்தார்.

"என்ன தங்கச்சி, குடிபுகுந்திட்டீரோ? ஒருக்காத் தட்டியிருக்கலாமே."

"உங்களுக்குக் கரைச்சல் எண்டு நினைச்சிட்டன், அண்ணை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மா, ஒரு சின்ன உதவி. சந்திரவதனா மாமி நல்லவர். என்னைத் தன் வீட்டுக்கு அடியிலுள்ள பேஸ்மென்டில் வைத்திருக்கிறார். ஆனால் படுக்கப்போகும்போது படிக்கு மேலேயுள்ள கதவைக் குசினிப் பக்கம் பூட்டிவிடுவார். அது அவருடைய பழக்கம். கீழே வேறு வாசல் இல்லை. அவர் வீட்டில் இருந்துகொண்டு நான் எப்படிக் கேட்பது? உங்களுக்கே தோன்றியதுபோல, பூட்ட வேண்டாம் என்று நீங்கள் சொல்லுங்கள். போனில் கதைத்தால் மாமி பக்கத்தில் இருப்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

மாமி கூப்பிடுகிறார். கடிதம் கிடைத்த அன்றே அவருடன் கதையுங்கள்.

உங்கள் மகள்,
யதுஷா