பேச்சியம்மாளின் இரண்டாவது ரத்தச் சோதனை

புரட்டாசி 9, திங்கள்

வெயில். வடக்கே மேகம், மழை இல்லை.

எழுத்து கோணலாக இருக்கிறது. வரியை விட்டுக் கீழே இறங்குகிறது. யார் பார்த்தாலும் பொறுத்துக்கொள்ளவும். எழுபது வயதுக்கு மேல் முதியோர் வகுப்பில் கற்ற கை. ஒரு வரி எழுத ஒரு வெற்றிலை போடும் நேரம். ஆனாலும் நானே எழுதுகிறேன்.

இன்று கோவில்பட்டிக்குப் போய் என் வீட்டுக்காரி பேச்சியம்மாளின் ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்தோம். அவளுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவள் அக்கா போன வருடம் நெஞ்சடைத்துப் போனாள். அதனால் டாக்டர் கொழுப்புப் பார்க்கச் சொன்னார். வெறும் வயிறு. எறும்பு கடித்த மாதிரிதான் இருந்ததாம். வரும்போது உளுந்து விதை வாங்கினேன்.

புரட்டாசி 11, புதன்

புழுக்கம். மகன் மாரிமுத்து புதியம்புத்தூரில் தையல் வேலை. ரிப்போர்ட் அவன் போனுக்குத்தான் வந்தது. அங்கிருந்து பேசினான். கொழுப்பு எல்லாமே கூட இருக்கிறதாம், தடித்த எழுத்தில் போட்டிருக்கிறதாம். அம்மா வாயைக் கட்ட வேண்டுமாம்.

பேச்சியம்மாள் போய்க் கட்டிலில் படுத்துவிட்டாள். சாயங்காலம் எழுந்து பெட்டியைத் திறந்து பச்சைப் பட்டுச் சேலையை எடுத்துத் தனியாக வைத்தாள்.

"அக்காளுக்கு அவசரத்துல பழைய சேலையப் போட்டு அனுப்பிட்டாவ. எனக்கு இதைப் போடுங்க."

கஞ்சிக்கு உப்பும் வேண்டாம் என்றாள். உப்புக்கும் கொழுப்புக்கும் என்ன? தெரியவில்லை. நாளை நானே போகிறேன்.

புரட்டாசி 12, வியாழன்

தூறல். முதல் பஸ். லேபில் ரிப்போர்ட்டைக் காகிதமாகக் கேட்டு வாங்கினேன். பெயரெல்லாம் இங்கிலீஷ். எண் எனக்குத் தெரியும். அங்கிருந்த பெண்ணை வரிவரியாக வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் தமிழில் எழுதினேன். பொறுமையான பிள்ளை. வரிசையில் பின்னால் நின்றவர், அண்ணாச்சி பத்திரம் எழுதுதாரு போல என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

மொத்தம் 248. 200க்குள் வேண்டும்.
கெட்ட கொழுப்பு 160. 100க்குள் இருந்தால் நல்லது.
நல்ல கொழுப்பு 42. இது மட்டும் கூட வேண்டும், பெண்களுக்கு 50க்கு மேல். (எல்லாமே கூட என்று மாரி சொன்னது சரியில்லை. இது குறைவு.)
டிரைகிளிசரைடு 230. 150க்குள் வேண்டும். தின்றதும் ஏறுவது இதுவாம்.

எழுதி முடித்து நிமிர்ந்தேன். சுவரில் தமிழில் ஒரு தாள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. பால், டீ, பழமும் கூடாது. திங்கட்கிழமை அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தோம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன், அன்றைக்கு விடியற்காலை என்ன சாப்பிட்டாய் என்று. ஒன்றுமில்லை, விரதம்தான் என்றாள். ஏட்டி, என்ன விரதம்?

"புரட்டாசி சனிக்கு இருக்கது போலத்தான். கருப்பட்டி போட்டு ரெண்டு டம்ளர் பாலு, நாலு பழம். சோத்தைத் தொடலையே."

எனக்குச் சிரிப்பு. அவளுக்குக் கோபம்.

"பெருமாளுக்கு ஆகுத விரதம் லேபுக்கு ஆவாதோ?"

புரட்டாசி 13, வெள்ளி

மறுபடி ரத்தம். நேற்று விளக்கு வைத்ததும் சாப்பிட்டது, பிறகு தண்ணீர் மட்டும். டம்ளரை நானே எடுத்துக் கொடுத்தேன். பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். எதற்கு என்று கேட்டேன். திரும்பப் பெட்டியில் வைக்க மனசில்லை என்றாள். பஸ்ஸில் என் கையை விடவில்லை.

புரட்டாசி 16, திங்கள்

நல்ல மழை. கரிசல் காலைப் பிடித்து இழுக்கிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தோம். இன்றும் பச்சைப் பட்டு.

டிரைகிளிசரைடு 145. மொத்தம் 230. நல்லது 43. கெட்டது 158, அது அசையவில்லை.

டாக்டர் இரண்டு காகிதத்தையும் சேர்த்துப் பார்த்தார். டிரைகிளிசரைடு ஏறினது பாலும் கருப்பட்டியும் பண்ணின வேலை. கெட்டது அப்படி இல்லை, அவள் குடும்பத்து வழியில் வந்ததாகவும் இருக்கலாம். அதற்கு மாத்திரை, ராத்திரி ஒன்று. எண்ணெய்ப் பலகாரம் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துத் திரும்பச் சோதனை. எண் குறைந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது, குறைவதே மாத்திரையால்தான் என்றார். மூச்சு வாங்குவதற்கு ஈசிஜி எடுத்தார். பயமில்லை.

பேச்சியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் இப்பம் போவ மாட்டேன்" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டார்.

மாரி போனில் மறுபடி பத்தியம் சொல்ல ஆரம்பித்தான். "அப்பா வாசிச்சுட்டாவ. நீ துணியத் தைலே" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் கஞ்சிக்கு உப்பு கேட்டாள். சேலை கொடியில் காய்கிறது. இனி அது பெட்டிக்குப் போகாதாம், கடைக்குப் போகவும் கட்டுவாளாம். மாத்திரை அட்டையில் ராத்திரி என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் எழுதினேன்.

கை ஓய்ந்துவிட்டது. ஏழு நாளும் மாத்திரை போட்டாளா என்று அடுத்த திங்கள் இதில் எழுதுவேன். போடவைத்துவிட்டுத்தான் எழுதுவேன்.