எங்கே நிறுத்துவது என்று தெரியாத கம்ப்யூட்டர்

மாப்ள,

இன்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் மகளின் கல்யாணப் பத்திரிகையில் உன் பிரிண்டர் மை வாசம் இன்னும் போகவில்லை. எழுத்துக்கூட்டி முழுவதையும் நானே படித்தேன். "இந்த வயசுல எதுக்கு மச்சான்?" என்று நீ சிரித்தாயே, அதே முதியோர் பள்ளியில் கற்றதுதான். படிக்கப் படிக்கச் சந்தோஷம். உன்மேல் இருந்த இளக்காரமும் சேர்ந்தே கூடியது.

பசுமலையில் படித்து, சிம்மக்கல் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்ததும் உனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா மகள் பத்திரிகையை நானே அடிக்கிறேன் என்றாய். உன் புரோகிராம் மணமக்கள் பெயரை வாங்கும், தாய்மாமன் உன் பெயரை வாங்கும். அதற்குப் பின் என் பங்காளிகளுக்கு மூன்றே இடம்.

"எனக்கு அண்ணந்தம்பி அஞ்சு பேருடா."

"ரெண்டு பேர விட்ருங்க மச்சான்."

"எவன விட? பேரு இல்லாட்டி பெரியண்ணன் வாசப்படி மிதிக்க மாட்டாரு."

முணுமுணுத்துக்கொண்டே மாற்றினாய். இனி எத்தனை பெயர் கொடுத்தாலும் வாங்கும், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் ஓடும் என்று பெருமை பேசினாய். ஆனால் பெயர்கள் எங்கே முடிகின்றன என்று அதற்குத் தானாகத் தெரியாது. கடைசிப் பெயருக்குப் பின் ஒரு முடிவுக் குறி வைக்க வேண்டும். அதை வைக்க மறந்தாய்.

அது நிற்கவில்லை. என் அண்ணன் தம்பி ஐந்து பேருக்குக் கீழே, முந்தின நாள் நீ அடித்து அதில் கிடந்த வேறொரு பத்திரிகையிலிருந்து பண்ணையார் வீட்டுப் பெயர்களையும் இழுத்துப் போட்டது. திருவாதவூரில் எங்கள் அப்பா கூலிக்கு நின்றது அவர்கள் வயலில்தான். அப்போது படிக்கத் தெரியாத நான் ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டேன். பெரியண்ணனுக்கு யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"பண்ணை வீட்டு ஆளுகள அண்ணந்தம்பியாக்கிட்டேல்ல. அவுகளே வந்து நிக்கட்டும். நான் வரல."

சமாதானம் பேச நீ போனாய். "மெஷின் செஞ்ச தப்பு" என்றாயாம். மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இறங்கி வந்திருப்பார். படித்த வாய்க்கு அது வரவில்லை. அவர் இல்லாமலே தாலி ஏறியது. நீ மட்டும் தாய்மாமன் மாலையோடு முன்னால் நின்றாய்.

போன மாதம் உன் சாவுக்குப் பெரியண்ணன் வந்தார். நேரே வந்து என் பக்கத்தில் நின்றார்.

"எழுதப் படிக்கப் பழகிட்டியாமே" என்றார்.

"ஆமாண்ணே."

"நல்லது."

கல்யாணத்துக்குப் பின் அன்றுதான் என்னோடு பேசினார். தோளில் கை வைத்தார். அந்தக் கையின் கனம் இன்னும் அங்கே இருக்கிறது. நீ உயிரோடு இருந்து முடித்துவைக்காத காரியத்தை உன் சாவு முடித்துவைத்தது. அதற்காக உனக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன்.